ஆளுக்குப் பாதி

ஜெயவேலின் கல்லீரலுக்கு விலை எண்ணூறு ரூபாய். அதுவும் மாதம் ஒருமுறை, போக்குவரத்துச் செலவு என்ற பெயரில். காசிமேட்டில் மீன் விற்கும் அவன் மனைவி மலர்க்கொடி, ஒப்புதல் படிவத்தில் அந்தத் தொகையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"எண்ணூறுக்கு ஒரு கிலோ வஞ்சிரம் கூட வராது. நீ ஈரலயே குட்த்துட்டு வரப் போறியா?"

"காசு கெடக்குதும்மே. மருந்து ஃப்ரீ, ஸ்கேன் ஃப்ரீ."

ராயபுரத்தில் நடந்த இலவச முகாமில் இருவருக்குமே கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகச் சொன்னார்கள். அதற்கான புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் ஜெயவேலுக்கு இடம் கிடைத்தது. மலர்க்கொடிக்குச் சர்க்கரை அதிகம் என்று கழித்துவிட்டார்கள். டப்பாவில் முப்பது மாத்திரை. தினம் ஒன்று. இருபத்தெட்டாம் நாள் மிச்சத்தோடு வந்தால் எண்ணிப் பார்ப்பார்கள்.

இருபது வருடம் படகில் போனவன் ஜெயவேல். வலையில் விழுந்தது எதுவானாலும் கரைக்கு வந்ததும் பங்கு பிரித்தே பழக்கம். இரண்டு பேருக்கும் ஒரே நோய், மருந்து மட்டும் ஒருத்தருக்கா? அவனுக்கு நியாயமாகப் படவில்லை. தினம் காலையில் மீன் அரியும் கத்தியைக் கழுவி, மாத்திரையை நடுவில் வெட்டினான்.

"கத்தில ஒட்டிகினு கீற மாவு யாரு பங்கு?" என்பாள் மலர்க்கொடி.

"நக்கித் தொலைக்காத, கூரா கீது."

இருபத்தைந்தாம் நாள் அவளுக்குக் குமட்டல் தொடங்கியது. மீன் நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். பிறந்ததிலிருந்து மீனோடு கிடப்பவள் அப்படிச் சொன்னதும் ஜெயவேல் மாத்திரை டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

இருபத்தெட்டாம் நாள் அவளையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஆய்வுப் பிரிவில் சௌமியா என்ற பெண் டப்பாவைக் கவிழ்த்தாள். இரண்டு மாத்திரை.

"கரெக்டா இருக்குண்ணா. உடம்புக்கு ஏதாவது பண்ணுச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த டப்பா கைக்கு வந்துவிடும். ஜெயவேல் மூக்கைச் சொறிந்தான்.

"எனக்கு ஒண்ணும் பண்ல. பொண்டாட்டிக்குத்தான் மூணு நாளா வாந்தி வர மாதிரியே கீதாம்."

"அவங்களுக்கு ஏன்?"

சொன்னான். சௌமியா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள். "பாதிப் பாதி சாப்பிட இது என்ன பிரியாணிப் பொட்டலமாண்ணா?"

"அவளுக்கும் அதே நோவு தான கண்ணு. வெளிய குந்திகினு கீறா. மொதல்ல அவள பாரு. என்னிய அப்பால தொரத்து."

மலர்க்கொடியை உள்ளே அழைத்து ரத்தம் எடுத்தார்கள். ஊசி ஏறும்போதே கணவனை முறைத்தாள்.

"போச்சா ஃப்ரீ ஸ்கேன்? வாய மூடிகினு இருந்தா இன்னா?"

"நீ வாந்தி எடுத்துகினு இருப்ப, நான் பாத்துகினு இருக்கணுமா?"

அவள் பஞ்சை அழுத்திய கையை எடுத்து, மடங்கிக் கிடந்த அவன் காலரை நீவிவிட்டாள்.

சாயங்காலம் முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. மாத்திரை இனி இருவருக்குமே கிடையாது என்றார் டாக்டர். ஜெயவேலுக்குப் பரிசோதனைகள் மட்டும் தொடரும், மலர்க்கொடி வெளிநோயாளியாக வந்து காட்டலாம்.

சௌமியா படிவத்தை இழுத்தாள். அதில் மனைவிக்கென்று கட்டம் எதுவும் இல்லை. ஓரத்தில் கையால் எழுதினாள்: கொடுத்தது முப்பது. திரும்பியது இரண்டு. கணவர் பதினான்கு. மனைவி பதினான்கு. பாக்கி இல்லை.