நீலவ்வா கட்டிய வரி

லேத் மெஷின் வாங்கும்போதே நீலவ்வா வரியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். ஒரு லட்சத்து எட்டாயிரம். பில் இருக்கிறது, பட்டறையில் மெஷினும் ஓடுகிறது. தொழிலுக்கு வாங்கிய பொருளுக்குக் கொடுத்த ஜிஎஸ்டியை, தான் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது சட்டம். வரி அலுவலகத்திலோ கையை விரித்தார்கள்.

"அக்காவ்ரே, வித்தவரு வரியைக் கட்டி பில்லை தாக்கல் பண்ணினாத்தான் உங்க கணக்குல ஏறும். அவரு பண்ணலையே."

"அப்போ அவரைப் பிடிங்க சார்."

"அது தனி கேஸ். நீங்க மொதல்ல கட்டுங்க. நவம்பர் தாண்டினா அந்த பில்லை மறந்துட வேண்டியதுதான்."

அவள் கையில் இருந்தது பம்பு தண்டு ஆர்டருக்கு இரும்பு வாங்க வைத்திருந்த பணம். அதை எடுத்து இரண்டாம் முறை கட்டினால் ஆர்டர் போச்சு, பட்டறையும் போச்சு. தின்றவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவளின் மடியைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்?

விற்றவர் விருபாக்ஷப்பா முனவள்ளி. பெலகாவியில் பாதிப் பட்டறைகளுக்கு அவர்தான் மெஷின் கொடுப்பவர். நாலு மாதமாகப் போனை எடுக்காத மனிதர், கணபதி கரைக்கும் நாளன்று பந்தலின் முதல் வரிசையில் ஜரிகைத் தலைப்பாகையோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். கணபதிக்குப் படைத்த லட்டின் ஏலம் நடந்தது. ஏலம் எடுத்தவர் ஆரத்தி காட்டினால்தான் அந்தப் பேட்டையில் கணபதி வண்டி ஏறுவார்.

"ஒரு லட்சம்!" என்றார் முனவள்ளி.

ஏலம் விடும் ராயப்பா மைக்கைப் பிடித்தார். "ஒரு லட்சம் ஒரு தரம்! ரெண்டு தரம்!"

நீலவ்வா பில்லோடு எழுந்தாள். "நிறுத்துங்க ராயப்பண்ணா. அது அவரு காசில்லை, நான் கொடுத்த வரி. அரசாங்கத்துக்குப் போகாம அவரு பையில கெடக்கு."

"சாமி முன்னாடி என்னம்மா இது?"

"சாமிக்கு என் காசுதானே போகுது? ரசீதை என் பேர்ல போடுங்க. ஆரத்தியை நானே காட்டுறேன்."

பந்தல் கொல்லென்று சிரித்தது. முனவள்ளியின் முகம் சிவந்தது.

"ஒரு பில்லு, ஏதோ விட்டுப்போயிருக்கும். அதுக்கு இந்தக் கூத்தா? இப்பவே முடிச்சுக் காட்டுறேன், எல்லாரும் கேளுங்க!" கணக்கருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஏய், அந்த நீலவ்வா பில்லை உடனே ஏத்து."

"அது ஒண்ணை மட்டும் எப்படி சாவ்கார்ரே? போன தசராவுலேருந்து எதையுமே தாக்கல் பண்ணவேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? மொத்த பில்லும் அப்படியே தூங்குது."

முனவள்ளி போனை அணைப்பதற்குள் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். "என் ட்ரில்லிங் மெஷினும் அதுலதானா?" அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் எழுந்தார். பிறகு பதினோரு பேர் நின்றார்கள், எல்லோரும் பட்டறைக்காரர்கள்.

ராயப்பா மூன்றாம் தரம் சொல்லவில்லை. மைக்கைக் கீழே வைத்தார். வெளியே மேளம் நின்றது.

நீலவ்வா லட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "போய் தாக்கல் பண்ணிட்டு வாங்க சாவ்கார்ரே. கணபதி காத்திருப்பாரு."