எட்டாவது நிமிஷம்

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அந்தக் கம்ப்யூட்டருக்கு உயிர் போகும். மற்ற ஆறு நாளும் குதிரை மாதிரி ஓடும். வயசு பதினொன்று ஆகிவிட்ட பெட்டிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கிழடு என்றால் எல்லா நாளும் படுக்க வேண்டுமா இல்லையா? அதென்ன ஞாயிறு பார்த்துப் படுப்பது?

லோசேலிக்கு வேண்டியிருந்ததோ அந்த ஒரு நாள்தான். அவள் புருஷன் ஃபிலிமோனே தீவை விட்டு ஆஸ்திரேலியாவுக்கு ஆரஞ்சு பறிக்கப் போய் ஒன்பது மாதம். தோட்டத்தில் அவனுக்கு ஞாயிறு மட்டும் ஓய்வு. சர்ச் முடிந்து, சாப்பாடு முடிந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு வீடியோவில் வருவான். சரியாக ஏழாவது நிமிஷம் அவன் முகம் உறையும், செயலி தானாக மூடிக்கொள்ளும். திரும்பத் திறந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாங்காது. அவனும் அதற்குமேல் கூப்பிட மாட்டான்.

"ஏழு நிமிஷம்னா ஏழே நிமிஷமா?" என்று பக்கத்து வீட்டு சேலா இழுத்தாள். "கம்ப்யூட்டர் வெட்டுதா, உன் ஆளு வெட்டுறானா? அங்க போன ஆம்பளைங்க கதையெல்லாம் உனக்குத் தெரியாததா?"

லோசேலி அவளை வாயை மூடச் சொன்னாள். ஆனால் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. போன ஞாயிறு ஃபிலிமோனே, "இன்னொரு ஒன்பது மாசம் இருக்கச் சொல்லிக் காகிதம் குடுத்திருக்காங்க. அடுத்த திங்கள் பதில் சொல்லணும். நீ என்ன..." என்றான். அதோடு போச்சு. இந்த ஞாயிறும் அறுந்தால் "உன் இஷ்டம், அங்கேயே இரு" என்று செய்தி அனுப்பிவிடுவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

தீவின் டவுனான நெய்யாஃபூவில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சாமிசோனி மூன்று சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டான். தூசி ஊதினான், மெமரியை மாற்றினான், வைரஸ் தேடினான், செயலியை அழித்துப் புதிதாகப் போட்டான். ஆக்லாந்தில் இருக்கும் சித்தப்பா மகனை அதிலேயே கூப்பிட்டு, ஒரு பன்றியின் விலையைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டான். அறுந்தால்தானே!

"அக்கா, இதுக்கு நோயே இல்ல. சாப்பாட்டுக்குத்தான் நான் வந்து வந்து போறேன்னு ஊரு சிரிக்குது."

"அப்ப ஞாயித்துக்கிழமை வந்து பாரு."

"வேல செய்யக்கூடாத ஞாயித்துக்கிழமைல ஸ்க்ரூ டிரைவர தொட்டா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

"தொடாத. கண்ணால பாரு."

வந்தான். சர்ச்சில் பாடிய வெள்ளைச் சட்டையோடு, கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவன் மாதிரி உட்கார்ந்தான். மண்ணுக்குள் தோண்டிய அடுப்பில், சேம்பிலையில் இறைச்சியைப் பொதிந்த லூ வெந்துகொண்டிருந்தது. இலைக்குள் தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனைக்கு அவன் மூக்கு வாசல் பக்கமே திரும்பியது.

லோசேலி கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத் தலை வாரினாள். திரைக்கு மேல் பூமாலை ஒன்று வைத்தாள். பிறகு துணிப்பெட்டியைத் திறந்து ஃபிலிமோனேயின் இடுப்புப் பாயை எடுத்தாள். அந்தத் தீவில் மரியாதைக்கு உடுப்பின்மேல் சுற்றிக்கொள்ளும் நெய்த பாய்; சர்ச்சுக்கு அவன் கட்டிக்கொண்டு போவது. ஆரஞ்சுத் தோட்டத்தில் அதற்கென்ன வேலை என்று விட்டுவிட்டுப் போயிருந்தான். அதை மேசையில் நிற்கும் கம்ப்யூட்டர்ப் பெட்டியைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

சாமிசோனி மூக்கை வாசலிலிருந்து திருப்பினான். "அக்கா, இது என்ன?"

"ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அவரு வந்து உட்காருற இடம். இடுப்புல பாய் இல்லாம வைக்கவா? ஜனங்க பாத்தா என்ன சொல்வாங்க?"

"எல்லா ஞாயிறும் கட்டுவியா?"

"பின்ன? மொத ஞாயித்துலேர்ந்து. பேசி முடிச்சதும் மடிச்சு வச்சிடுவேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அக்கா, அது மூச்சு விடுறது அந்தப் பக்கம்தான். வீடியோ ஓடுனா உள்ள சூடு ஏறும். சூட்டுக்கு வெளிய போக வழி இல்லேன்னா செத்துப்போகும். பாயை அவுத்துடு. நான் தொடமாட்டேன், நீயே அவுரு."

லோசேலி முடிச்சில் கை வைத்தபடி நின்றாள். ஊர் பார்க்கப் புருஷனை அவமானப்படுத்துவது போல இருந்தது. ஒன்பது மாதமாக அவள் தொட்டுக் கட்டியது அந்த ஒரு இடுப்பைத்தான். கடைசியில் அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். சாமிசோனி நாசூக்காக எழுந்து அடுப்புப் பக்கம் போனான்.

ஃபிலிமோனே வந்தான். வழக்கம் போலச் சிரித்தான். பன்றி குட்டி போட்டதா, கூரை ஒழுகுகிறதா என்று கேட்டான். கூட இருப்பவனின் குறட்டையை நடித்துக் காட்டினான். அவள் சிரித்துக்கொண்டே திரையின் மூலையில் ஓடும் எண்ணைப் பார்த்தாள். ஐந்து. ஆறு. ஏழு தாண்டியது. முகம் உறையவில்லை.

எட்டாவது நிமிஷம் ஃபிலிமோனே கண்ணைத் திருப்பிக்கொண்டான். "இன்னிக்கு ஏன் இன்னும் அறுந்து போகல?"

சேலா சொன்னதுதானா? "போகணுமா உனக்கு? யாராவது காத்திருக்காங்களா?"

அவன் சிரித்த வாய் அப்படியே இருக்க, முகவாய் நடுங்க ஆரம்பித்தது. சட்டையை இழுத்து முகத்தைத் துடைத்தான். அப்போதுதான் அவன் கழுத்தெலும்பு எப்படித் துருத்திக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

"ஏழு நிமிஷம் சிரிச்சுடுவேன் லோசேலி. அதுக்குள்ள அதுவே அறுந்துடும். அப்பறம் நான் அழறத நீ பாக்கமாட்ட. திரும்பக் கூப்புட்டா உனக்குத் தெரிஞ்சுடும்னுதான் கூப்புடல."

அவள் மடியிலிருந்த பாயைக் கேமராவுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். அனுப்ப வைத்திருந்த வார்த்தை எங்கே போனதோ.

"அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடாத. இதைக் கட்ட இங்க ஆளில்ல. வந்துடுய்யா."

அவன் சரியென்று தலையை ஆட்டினான். அழுகை நிற்கவில்லை. அவள் பாயை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.