இன்று கிளம்புகிற பார்சல்கள்

பின்னறையில் துணிப்பை தைத்து ஆன்லைனில் விற்றுவந்த அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. கூரியர்காரர் வருவதற்கு முன்னால் பார்சல்களை மேசைமேல் அடுக்கி, படம் எடுத்து, 'இன்று கிளம்புகின்றன' என்று கடைப் பக்கத்தில் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்தால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வருமாம். படம் எடுப்பது நாத்தனாரின் பொறுப்பு. யாராவது தும்மினால்கூடப் படம் பிடிக்கிற பெண் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயரே கேமராதான்.

ஒரு நாள் காலை ஒரு பெண் போன் செய்தாள்.

"போன மாசம் உங்ககிட்ட நீலப் பை வாங்கினேன். என் பேரு, அட்ரஸ், நம்பர் எல்லாத்தையும் அழிச்சிடுங்க. கேட்டா அழிக்கணும்னு சட்டம் இருக்கு."

அண்ணிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு பை வாங்கியதற்கு இத்தனை சட்டமா? "எதுக்குங்க?" என்றாள்.

"என் புருஷன் என்னைத் தேடிட்டு இருக்கார். கண்டுபிடிச்சா உயிரோட விடமாட்டார். குழந்தையோட தனியா இருக்கேன்."

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்கிற குரலில் அவள் இதைச் சொன்னதுதான் அண்ணியை உலுக்கிவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை. "இப்பவே அழிச்சிடறேன்மா" என்றாள்.

அழிக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆர்டர் கணக்கில் அந்தப் பெண் இருந்தாள். அண்ணியின் போனில் இருந்தாள், கேமராவின் போனிலும் இருந்தாள். தள்ளுபடிச் செய்தி அனுப்புகிற குழுவில் இருந்தாள், பழைய லேப்டாப்பிலும் இருந்தாள். அடேயப்பா, ஒரே ஒரு பை வாங்கியவள் எங்கெல்லாம் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று அண்ணி வாயைப் பிளந்தாள். ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தாள்.

கடைசியாகக் கடைப் பக்கத்தைத் திறந்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய படத்தில் அந்தப் பெண்ணின் பார்சல்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினால் பெயர், கதவு எண், தெரு எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. 

"கேமரா, இங்க வா."

நாத்தனார் வந்து பார்த்தாள். உடனே படத்தைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "அண்ணி, இதோட விட்டுடலாம். யாருக்குத் தெரியப்போகுது? சொன்னா அந்தப் பொண்ணு எல்லார்கிட்டயும் சொல்லிடுவா. கடை போயிடும்."

அண்ணிக்கும் அதே ஆசைதான், பொய் சொல்வானேன். இருந்தாலும் மனசு கேட்காமல் வக்கீல் தம்பியைக் கூப்பிட்டாள். மணி என்ன என்று கேட்டாலே மூன்று சட்டப்பிரிவு சொல்கிற ஆள் அவன். அன்று மட்டும் சுருக்கமாகப் பேசினான்.

"அக்கா, படத்தை நீக்கினா மட்டும் பத்தாது. வெளிய போனது போனதுதான். யாரோட விவரமோ அவங்களுக்கு உடனே சொல்லணும். அதுவும் சட்டம்தான்."

"சொன்னா கடை போயிடும்டா."

"போனாலும் போகலாம்" என்றான் தம்பி.

அழைப்புப் பட்டியலில் மிச்சமிருந்த காலை நம்பரைப் பார்த்து அண்ணி அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் குழந்தை எதையோ கேட்டு நச்சரிப்பது மட்டும் கேட்டது.

"எத்தனை நாளா இருந்துச்சு?"

"மூணு வாரமாம்மா."

"சரி." போன் வைக்கப்பட்டுவிட்டது.

அடுத்த சில நாட்கள் அண்ணிக்குத் தையல் மெஷினில் கால் ஓடவில்லை. கேமரா படமே எடுக்கவில்லை. அப்புறம் ஒரு மதியம், தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அதே குரல்.

"அன்னிக்குச் சாயங்காலமே கிளம்பிட்டோம். மறுநாள் காலையில அவர் வந்தாராம், பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க. கதவை உடைச்சிருக்கார். நீங்க போட்ட பார்சல் படத்தைப் போன்ல வச்சுக்கிட்டு எல்லார்கிட்டயும் காட்டினாராம்."

அண்ணி மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் அறையில், முகம் தெரியாத யாரோ உட்கார்ந்து 'உடனே சொல்ல வேண்டும்' என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். இந்தப் பெண்ணை அவர்களுக்குத் தெரியாது, இந்தக் குழந்தையையும் தெரியாது. அந்த ஒரு வரி அந்தப் புருஷனுக்கு முன்னால் ஓடிப்போய் இருவரையும் வெளியே கூட்டிவந்துவிட்டது. வக்கீல்களின் பிழைப்புக்காக எழுதிவைத்தது என்று இத்தனை காலம் நினைத்திருந்தோமே என்று அண்ணி மலைத்துப்போய் நின்றாள். அதைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"குழந்தை எப்படிம்மா இருக்கு?"

"தூங்கறான்."

இப்ப எங்கம்மா இருக்கீங்க என்று அண்ணிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள்.

"பத்திரமா இரும்மா" என்றாள்.