பேசுகிற ரேடியோ

வண்ணாரப்பேட்டையில் ரஷீது பாய் கடைக்கு ரேடியோ வாங்க வருகிறவர்கள் சத்தம் நன்றாக வருமா, பேட்டரி தாங்குமா என்றுதான் கேட்பார்கள். தங்கபுஷ்பம் கேட்டது வேறு.

“பாட்டு வேண்டாம் பாய். பேசிக்கிட்டே இருக்கணும். அப்படி ஒண்ணு குடுங்க.”

“பேசறது ரேடியோ இல்லம்மா, ஸ்டேஷன்” என்று சிரித்தபடி, சட்டைப்பைக்குள் அடங்குகிற ரேடியோக்கள் இரண்டை எடுத்து வைத்தார் ரஷீது.

முதலாவதில் எஃப்எம் மட்டும். அதில் ஒரு பெண் மூச்சுவிடாமல் நகை விளம்பரம் சொல்லி, பாதியில் பாட்டுக்குத் தாவினாள். இரண்டாவதில் ஏஎம்மும் இருந்தது. யாரோ ஒருவர் கத்தரிச்செடிப் பூச்சியைப் பற்றி அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார். தங்கபுஷ்பத்துக்கு ஒரு துளசித்தொட்டிகூடக் கிடையாது. ஆனாலும் அவர் சொல்லி முடிக்கும்வரை கடை வாசலிலேயே நின்றாள்.

“எங்க வெச்சிக் கேக்கப் போறே?”

“வேலை செய்யுற எடத்துல. வெட்டவெளிதான்.”

“எஃப்எம்மே போதும்மா. ஏஎம் எல்லா எடத்துலயும் எடுக்காது, பேஜாரு பண்ணும்.”

அவள் எங்கே கேட்டாள்? கத்தரிச்செடிக்காரரைத்தான் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

மணலி போகிற சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் பின்வாசல் காவல் அவளுக்கு. முன்வாசலில் லாரி, டீ, சண்டை என்று எப்போதும் திருவிழாதான். பின்வாசலுக்குக் காக்காய்கூட எட்டிப்பார்க்காது. காவலாளிகள் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, முன்வாசலில் கொடுத்துவிட வேண்டும். ரேடியோ என்றால் வைத்துக்கொள்ளலாம் என்று சூப்பர்வைசர் பெரிய மனது பண்ணியிருந்தார். சாயங்காலம் பஸ்ஸில் ஏறி “தேரடி” என்று டிக்கெட் கேட்கும்போதுதான் பல நாள் அவள் வாயே திறப்பாள். தொண்டை கரகரக்கும். வீட்டிலும் யாரும் இல்லை. கணவன் ராசையா போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் அபின் துபாயிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிட்டு, சாப்பிட்டாளா, மாத்திரை போட்டாளா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

மறுநாள் பின்வாசலில் ரேடியோவைப் போட்டாள். உஸ் என்று இரைந்தது, அவ்வளவுதான். வானம் திறந்துதான் கிடந்தது. சுற்றிலும் கண்டெய்னர்கள் மாடி மாடியாக நின்று அலையை மறிப்பதை அவள் யோசிக்கவில்லை. தினமும் பார்க்கிற இரும்பு, கண்ணில் படாமலே போய்விட்டது. ரேடியோவைத் தட்டினாள், ரஷீதைத் திட்டினாள்.

வெறுத்துப்போய், அதை அணைக்காமலே ரோந்து போனபோது, ஒரு வரிசையில் கண்டெய்னர் பெட்டிகள் எடுத்துக் காலியாயிருந்த சந்தில், “வேப்பெண்ணெயைக் கலந்து தெளிக்கலாம்” என்றது குரல்.

பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே இழுத்துப் போட்டாள். அங்கிருந்தும் வாசல் தெரிந்தது, யாரும் குறை சொல்ல முடியாது. நாள் போகப் போக அவள் பதிலும் பேசத் தொடங்கினாள்.

“மழை வந்தா கழுவிக்கிட்டுப் போயிராதா?”

முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

ஒரு நாள் டாக்டர் ஒருவர் மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கென்றே பேசியது போலிருந்தது. அப்போது பெட்டி அடுக்குகிற ஸ்டாக்கர் வண்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டுகிறவன் கோதண்டம். இத்தனை நாளில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“யக்கா, நவுரு. பொட்டி வெக்கணும்.”

“வேற எங்கயாவது வைக்கக் கூடாதாப்பா?”

“எடம் ஆபீஸ்ல குடுக்கறான், நான் இன்னா பண்றது? அங்க இன்னா கீது ஒனக்கு?”

அவள் ரேடியோவைத் தூக்கிக் காட்டினாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் நாற்காலியோடு ஒதுங்கிக்கொள்ள, பெட்டி இறங்கியது. டாக்டரின் குரல் மெலிந்தது, இரைந்தது, அப்படியே போய்விட்டது.

கேட்டால் யாரும் சிரிப்பார்கள், ஆனால் தங்கபுஷ்பம் அழுதாள். ராசையா போன அன்றுகூட வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இங்கே ஒருவரும் இல்லை. கோதண்டம் மேலிருந்து அவளையும் கையிலிருந்த ரேடியோவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் மதியம் அந்த வண்டி பின்வாசல் பக்கம் வந்தது. கோதண்டம் தலையை வெளியே நீட்டினான்.

“யக்கா! மூணாவது வரிசைல ரெண்டு பொட்டி எட்த்துட்டேன். சாயந்தரம் வரிக்கும் காலியாதான் கீது. போய்க் கேளு!”

“சரிப்பா!”

“துன்னியா?”

“ஆச்சுப்பா. நீ?”

“இனிமேட்டுதான்” என்று கத்திவிட்டு வண்டியைத் திருப்பினான்.

தங்கபுஷ்பம் நாற்காலியை இழுத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போனாள். நிழல் பார்த்து உட்கார்ந்து, ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் போடவே இல்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. அதுவரைக்கும், வண்டிச் சத்தம் மறுபடி இந்தப் பக்கம் வருகிறதா என்றுதான் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.