புழு இருந்த கோசு

சூரியநெல்லிச் சந்தையில் எட்டணாவுக்குக் கிடைக்கும் முட்டைக்கோசை, பூச்சிமருந்து அடிக்காமல் விளைவிக்கும் சுவக்கீனிடம் ஒரு ரூபாய் கொடுத்து வாங்கி வந்திருந்தாள் சுருளியம்மாள். மகள் ஒரு வாரமாக வாந்தியெடுப்பது சந்தைக் கோசால்தான் என்பது அவள் முடிவு.

"கூறுகெட்டவளே, ஒரு ரூவாயா? நான் எஸ்டேட்ல நாள் பூரா அந்த மருந்தத்தான அடிக்கேன். எனக்கு என்ன வந்துச்சு?" என்று குதித்தான் புருஷன் செல்லத்துரை.

அவள் கோசின் இலையை விரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பச்சைப் புழு ஒன்று நெளிந்தது.

"நல்லாப் பாரு, உசிரோட இருக்கு. இதுக்குத்தான் ஒரு ரூவா."

அவள் மூலையிலிருந்த டின்னிலிருந்து தண்ணீர் அள்ளிக் கோசின்மேல் தெளித்தாள். மருந்து தீர்ந்த டின் அது. போன வாரம்தான் அவன் எஸ்டேட் ஸ்டோரிலிருந்து தூக்கிவந்தான். அன்றே அவள் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவியிருந்தாள். எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்தில் வரிசையாக இருந்த எல்லா வீட்டிலும் குடிதண்ணீர் அப்படிப்பட்ட டின்னில்தான்.

புழு ஒரு துள்ளு துள்ளிச் சுருண்டது. இலையிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. பிறகு அசையவே இல்லை.

இருவரும் டின்னைப் பார்த்தார்கள்.

பாயில் படுத்திருந்த மகள் முனகினாள்: "அம்மா, இன்னுங் கொஞ்சம் தண்ணி தா."