நல்ல பல்லில் கை வைத்தார்கள்

போனது ஒரே ஒரு பல். அதற்காகப் பக்கத்தில் சும்மா இருந்த இரண்டு நல்ல பல்லை அரைப்பார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை.

நான் சோபா தைக்கிறவன். பழையதைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, புதுத் துணி இழுத்து ஆணி அடிப்பது என் பிழைப்பு. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும், மறு கையில் சுத்தியல். ஆணியை யார் எடுத்துக் கொடுப்பது? வாய்தான். பொடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி முன்பல்லில் நிறுத்துவேன். காந்தச் சுத்தியல் வந்து கவ்விக்கொண்டு போகும்.

போன மாதம் ஒரு ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவி முகத்தில் அடித்தது. மேல் வரிசையில் கோரைப்பல்லுக்கும் நடு முன்பல்லுக்கும் இடையில் இருந்த பல் தெறித்துத் தேங்காய் நாரில் விழுந்தது. அதன் பிறகு ஆணி சந்து வழியாகத் தரையில் கொட்டுகிறது. ஒரு தடவை தொண்டை வரைக்கும் போய்த் திரும்பியது.

"நீங்க சிரிச்சா கதவு இல்லாத வீடு மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள். "பிரிட்ஜ் போட்டுடலாம்."

"அப்படின்னா?"

"சந்துல ஒரு பல்லை வெச்சு, ரெண்டு பக்கத்துப் பல்லோடயும் ஒட்டிடுவாங்க."

ஒட்டுவது எனக்குத் தெரிந்த வேலை. பசை தடவு, அமுக்கு, காயவிடு, முடிந்தது. டாக்டர் என்று எவர் வந்தாலும் நான் நம்புகிறவன் இல்லை. பெற்ற மகள் ஆயிற்றே என்று நம்பித் தொலைத்தேன்.

பல் ஆஸ்பத்திரி மாடியில் இருந்தது. என்னைச் சாய்த்த நாற்காலியில் ரெக்சின் மூலையில் கிழிந்து, மேலே டேப் ஒட்டியிருந்தது. சொந்த நாற்காலியைக் கவனிக்காத டாக்டர் என் பல்லையா கவனிக்கப் போகிறாள் என்று அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். "ஐயா, வலிச்சா இடது கையைத் தூக்குங்க. நிறுத்திடுறேன்" என்றாள். ஊசி போட்டாள். உதடு மரத்தது. மிஷின் வீறிட்டது. எலும்பு கருகுகிற நாற்றம் மூக்கில் ஏறியது.

ஒட்டுவதற்கு எதற்கு இத்தனை அரைப்பு? கையைத் தூக்கினேன்.

"வலிக்குதா?"

வாயில் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், போதாததற்கு அவள் விரல். "ஆ, ஆ" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. இன்னொரு ஊசி போட்டாள்.

மறுபடி வீறிட்டது. மறுபடி தூக்கினேன். ஓரத்தில் உட்கார்ந்திருந்த மகள் சொன்னாள்: "அவர் பயந்தாங்கொள்ளி டாக்டர். தூக்கிட்டேதான் இருப்பாரு. நீங்க பாட்டுக்குப் பாருங்க."

அதற்கும் ஒரு ஊசி. நான் கேள்வி கேட்கிறேன், இவர்கள் மருந்து ஏற்றுகிறார்கள்!

மிஷின் ஓய்ந்த நேரம் பார்த்துக் குழாயைப் பிடுங்கிப் போட்டு எழுந்தேன். விரலால் தடவினேன். கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். கோரைப்பல் இருந்த இடத்தில் சீவிய பென்சில் மாதிரி ஒரு முளை நின்றது.

"இது ஆடினதா? சொத்தையா? எதுக்கு அரைச்ச?" மரியாதையும் உதட்டோடு சேர்ந்து மரத்திருந்தது.

"ரெண்டு பக்கத்துப் பல்லையும் சின்னதாக்கினாத்தானே ஐயா மேல உறை மாட்ட முடியும்? நடுப் பல்லை அந்த உறைங்கதான் தாங்கும். எல்லாம் உங்க பொண்ணுகிட்ட சொன்னேனே. நீங்க சரின்னதா சொன்னாங்க."

மகள் கைப்பையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா, நான் சரின்னேனா?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல. ஒருநாள் ஆணியை முழுங்கிட்டு விழுவீங்க, கடையிலேர்ந்து எனக்கு போன் வரும். அதுக்கா காத்திருக்கச் சொல்றீங்க?"

"அதுக்காக? நான் என்ன பிரிச்சுப் போட்ட சோபாவா, நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ண?"

டாக்டர் குரலைத் தாழ்த்தினாள். "அரைச்ச பல் இனி வளராது ஐயா. இன்னொண்ணையும் முடிச்சிட்டா..."

"அதைத் தொட்டுப் பாரு."

டாக்டர் கையிலிருந்த மிஷினைக் கீழே வைத்தாள். பிறகு அவளே சொன்னாள்: "வேணும்னா கோரைப்பல்லை மட்டும் பிடிமானமா வெச்சு, புதுப் பல்லை அதுலேர்ந்து தொங்கவிடலாம். இந்த இடத்துக்கு அப்படியும் செய்யறதுண்டு."

"இதை முன்னாடியே ஏன் சொல்லல?"

"சொன்னேன். உங்க பொண்ணு ரெண்டு பக்கமும் உறுதியா வேணும்னாங்க."

மறுபடியும் பொண்ணு! வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது நான்.

"ஆனா அந்தப் பல்லுல ஆணி வெக்கவே கூடாது. வெச்சா ஆட்டம் கண்டுடும். எத்தனை வருஷம் நிக்கும்னும் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றாள். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் நேர்மையான பேச்சு அதுதான்.

"போடு" என்றேன். "அந்த முன்பல் பக்கம் மிஷின் வந்துச்சு, விரலைக் கடிச்சிடுவேன்."

இரண்டு வாரம் கழித்து மாட்டினார்கள். நான் தனியாகப் போனேன். இப்போது ஆணியை வாயின் மறுபக்கம் அடக்கிக்கொள்கிறேன். நாக்குக்குப் பழக்கம் இல்லை. வேலை நத்தை மாதிரி நகர்கிறது. கடையில் இருக்கிறவர்கள் என் கன்னத்தைப் பார்த்து, "என்னண்ணே, மிட்டாயா?" என்று கேட்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும்.

மகள் வந்து பார்த்தாள். "ஒத்தைக் கால்ல நிக்குது. விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"விழுந்தா என் வாயில விழும். உன்கிட்ட உத்தரவு வாங்கிட்டா விழணும்?"

"நல்லதுக்குத்தானேப்பா செஞ்சேன்" என்று அழுதாள். அழட்டும். நல்லதுக்குச் செய்கிறவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்தால் யார் தலை போய்விடும்?

கோபம் ஆறவில்லை. அரைபடாமல் தப்பிய அந்த முன்பல்லை நாக்கால் தொட்டுப் பார்க்கிறேன். கல் மாதிரி நிற்கிறது. கோரைப்பல்லும் இப்படித்தான் நின்றது. தொடத் தொடக் கோபம் கூடத்தான் செய்கிறது.