ஆர்லனின் வியாழக்கிழமை

1999 மார்ச் 11, வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்கு, இல்லினாய் மாநிலம் பியோரியா நகரில், லோவெல் ப்ரென்டிஸின் அம்மா வீட்டு நிலவறையில், சோகம் அதிகாரபூர்வமாக முடிவுக்கு வந்தது. அறிவித்தவர் லோவெல். இசைக்குழுவின் மற்ற நால்வரும் சாட்சி. பக்கத்தில் துணி உலர்த்தும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் பாதி அறிவிப்பு எங்களுக்குக் கேட்கவில்லை.

‘எம்ப்டி சைலோ’ என்பது குழுவின் பெயர். காலியான தானியக் கிடங்கு. ஏழு வருடங்களாகக் காய்ந்த சோளம், மூடிய தொழிற்சாலை, ஓடிப்போன மனைவி என்று பாடிவந்தோம். எழுதிப் பாடியவர் லோவெல். பல் டாக்டரின் மகன், உரக் கம்பெனித் தொப்பி போட்டவர், சோளத்தை வெண்ணெய் தடவிய நிலையில் மட்டுமே பார்த்தவர். நான் பேஸ் கிட்டார். எங்கள் ரசிகர்கள் தாடிக்காரர்கள். கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள், கைதட்ட மாட்டார்கள். அதுதான் மரியாதை.

இப்போது லோவெல் காதலில் விழுந்துவிட்டார். அந்தப் பெண்ணும் பதிலுக்குக் காதலித்துத் தொலைத்ததால் தொழிலே ஆட்டம் கண்டுவிட்டது.

“இனிமே வெளிச்சம்தான்டா,” என்றார். “கீபோர்டு, கைதட்டல், பா பா பா. அழுகை கிடையாது.”

எல்லோரும் ஆர்லன் ஃபோக்டைப் பார்த்தோம். ஐம்பத்தெட்டு வயது. எங்களில் நிஜமாகவே சோளம் விதைப்பவர் அவர் ஒருவர்தான். மேஜை மாதிரி கால் வைத்த ஸ்டீல் கிட்டாரை வாசிப்பவர். அந்த வாத்தியம் சும்மா தொட்டாலே அழும்.

“வேற மாதிரிதான் இருக்கு தம்பி,” என்றார் ஆர்லன். எங்கள் ஊரில் அதற்கு மேல் கெட்ட வார்த்தை கிடையாது.

வெளியே வந்ததும் என் சட்டையைப் பிடித்தார். “என்னைக் கழட்டி விட்ருவானாடா?”

“இருபது வருஷமா ஸ்டீல் கிட்டார் வாசிக்கறீங்க. வேற குழு கிடைக்கும்.”

“குழு யாருக்குடா வேணும்? வியாழக்கிழமை ஆனா என் பொண்டாட்டியோட அக்கா வெல்டா சாப்பிட வந்துருவா. சூப்புல ஆரம்பிச்சு கடைசி இனிப்பு வரைக்கும் அவ பித்தப்பை ஆபரேஷன் கதை. இந்த ஒத்திகை மட்டும் இல்லேன்னா எனக்கும் வியாழக்கிழமைன்னு ஒண்ணு வந்துரும்.”

ஞாயிற்றுக்கிழமை, ஆர்லனை நீக்கிவிட்டு வர லோவெல் கிளம்பினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார். ஆர்லனின் மனைவி டோரீன் எங்களைச் சமையலறையில் உட்காரவைத்து, காப்பி ஊற்றி, பன்றிக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டு வேகவைத்ததைத் தட்டு நிறைய வைத்தார். ஒருவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே அவரை வேலையை விட்டு அனுப்புவது எங்கள் பக்கத்தில் யாரும் செய்து பார்த்ததில்லை.

“மழை வந்தா நல்லது,” என்றார் லோவெல்.

“வந்தா நல்லதுதான்,” என்றார் எதிரே உட்கார்ந்திருந்த ஆர்லன்.

“வராமலும் போகலாம்.”

“போகலாம்.”

இப்படியே நாற்பது நிமிடம் போனது. நான் மேஜைக்கடியில் லோவெல் காலை மிதித்தேன்.

“புதுப் பாட்டுல உங்க கிட்டாருக்கு வேலை கம்மி, ஆர்லன். சும்மா உக்காந்திருக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு...”

“எனக்கென்ன கஷ்டம்? நல்லா உக்காருவேன்.”

“இருபது மைல் வேற வரணும்.”

“வண்டி இருக்குல்ல.”

“அட, வியாழக்கிழமை இவரு வீட்ல இருந்தா நல்லதுதானே,” என்றார் டோரீன். “வெல்டா எவ்வளவு சந்தோஷப்படுவா.”

ஆர்லன் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “கைதட்டல்னு சொன்னியே தம்பி, யாரு தட்டறது?” என்று கேட்டு, ஒரே ஒரு முறை தட்டினார். நாற்பது வருடம் வைக்கோல் கட்டுத் தூக்கிய கைகள். மேஜைக்கடியில் படுத்திருந்த நாய் எழுந்து வெளியே ஓடியது.

திரும்பும்போது மடியில் டோரீன் கட்டிக்கொடுத்த பாத்திரத்தோடு லோவெல் கேட்டார்: “சொல்லிட்டேன்ல?”

“சொன்னே. வியாழக்கிழமை அஞ்சரைக்கு வந்துருங்கன்னு சொன்னே.”

ஆகஸ்டில், லோவெல் தன் காதலியின் பெயரை வைத்த ‘குட் மார்னிங், பெக்கி’ ஆல்பம் வெளிவந்தது. அதிலுள்ள கைதட்டல் முழுவதும் ஆர்லனுடையது. மேடையில் துணி போர்த்திய ஸ்டீல் கிட்டாருக்குப் பின்னால், சவ ஊர்வலத்துக்கு வந்தவர் போன்ற முகத்தோடு உட்கார்ந்து தட்டுவார். மூன்றாவது கச்சேரியில் ஒரு தாடிக்காரர் கட்டிய கையைப் பிரித்தார். பிரித்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

சிகாகோ பத்திரிகை விமர்சகர் எழுதினார்: “இந்தக் குழுவின் ஆகத் துயரமான படைப்பு. அந்த முதியவரின் கைதட்டலில் ஒரு நிலமே விம்முகிறது.”

“நான் சந்தோஷமா இருக்கேன்டா,” என்று லோவெல் பத்திரிகையைச் சுருட்டி எறிந்தார். “எவனுக்குமே புரியலையே.”

அக்டோபரில் ஆர்லன் விலகினார். ஒளியின் வணிகத்துக்கு அவர் தந்த மௌனமான மறுப்பு என்றார் அதே விமர்சகர். ரசிகர்கள் மறுபடியும் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். லோவெல் அந்தப் பிரிவைப் பற்றி ஏழு நிமிடத்துக்கு ஒரு பாட்டு எழுதினார். அதில் பா பா பா இல்லை.

வெல்டா அந்த மாதம் அரிசோனாவுக்குக் குடிபோயிருந்தார்.